கண் சிமிட்டும் குட்டிச் சூரியன்கள்: அளவெடுப்பதில் ஏன் தகராறு?

2025-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஒரு பெரிய பட்டியலை வெளியிட்டார்கள். அதில் இருப்பவை 10,001 நட்சத்திர ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. சுற்றும்போது ஒன்று மற்றொன்றை நம் கண்ணில் இருந்து மறைத்துவிடுகிறது. இந்த ஜோடிகளில் 7,936 புதிதாகச் சிக்கியவை!

அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2018 ஏப்ரலில் 'டெஸ்' என்ற விண்கலத்தை அனுப்பியது. அது வானம் முழுவதையும் பகுதி பகுதியாகப் படம் எடுக்கிறது. அந்தப் படங்களை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் சலித்துப் பார்த்து, "இவை மறைப்பு ஜோடிகளாக இருக்கலாம்" என்று சுமார் 12 லட்சம் நட்சத்திரங்களைக் காட்டியது. ஆனால், கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே நம்ப முடியுமா? ஒளி கூடிக் குறைய வேறு காரணங்களும் உண்டே! அதனால் சுமார் 60,000 நட்சத்திரங்களை எடுத்து மறுபடி சோதித்தார்கள். அந்த வேலையில் தன்னார்வலர்களும் கை கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி இன்டர்நெட்டில் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது ஆமாம், இது இல்லை" என்று பிரித்துத் தந்தவர்கள் அவர்கள். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான்!

"வானத்தில் கோடி கோடி நட்சத்திரம் இருக்கிறது. பத்தாயிரம் ஜோடியை எண்ணி என்ன ஆகப் போகிறது?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். எண்ணிக்கை அவ்வளவு முக்கியம் இல்லை. இந்த ஜோடிகளை வைத்துத்தான் நட்சத்திரங்களின் உண்மையான அளவை நாம் தெரிந்துகொள்கிறோம். அதிலும் சின்னஞ்சிறு நட்சத்திரங்கள் விஷயத்தில், விஞ்ஞானிகளின் சூத்திரம் ஓர் அளவு சொல்கிறது. வானம் வேறு அளவு சொல்கிறது. ரொம்ப நாளாகத் தீராத தகராறு இது. இந்தத் தகராறு தீராவிட்டால், வேறு உலகங்களில் உயிர் இருக்கிறதா என்ற தேடலிலும் குழப்பம்தான்!

காது கேளாத இளைஞர் கண்ட காட்சி

நட்சத்திரங்களின் கண்ணாமூச்சி ஆட்டம் தெரிய வந்த கதை சுவையானது. பெர்சியஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் 'அல்கால்' என்று ஒரு நட்சத்திரம். அரபு மொழியில் அந்தப் பெயருக்குப் பேய் என்ற பொருள் வரும். நல்ல பிரகாசமாக இருக்கும். திடீரென்று சில மணி நேரம் மங்கிவிடும். பிறகு பழையபடி ஒளிரும். பேய் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியம் இல்லை!

இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் ஜான் குட்ரிக் என்ற இளைஞர் இருந்தார். காது கேளாதவர். 1782-ம் ஆண்டு முதல் அல்காலை இரவு தவறாமல் கவனித்தார். தொலைநோக்கி வைத்து அல்ல, வெறும் கண்ணால்! பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, எப்போது எவ்வளவு மங்குகிறது என்று குறித்து வந்தார். 2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒருமுறை அல்கால் மங்குவதைக் கண்டுபிடித்தார். 1783-ல் அதை அறிவித்தபோது அவருக்கு வயது 18. அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது. பாவம், 21 வயதிலேயே இறந்துவிட்டார்.

அல்கால் ஏன் மங்குகிறது? குட்ரிக் இரண்டு காரணங்கள் சொன்னார். ஒன்று, ஏதோ ஒரு பெரிய பொருள் அதைச் சுற்றி வந்து மறைக்கலாம். இல்லாவிட்டால், அதன் உடம்பில் கரும்புள்ளிகள் இருந்து, அது சுழலும்போது அந்தப் பக்கம் நம்மை நோக்கித் திரும்பலாம். முதல் காரணம்தான் சரி என்று 1889-ல் ஜெர்மனியின் வோகல் நிரூபித்தார். இரண்டாவது காரணத்தையும் மறந்துவிடாதீர்கள். பின்னால் வருகிறது!

பிரகாசத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதை 1856-ல் வகுத்துக் கொடுத்தவர் நார்மன் போக்சன். ஒரு படி இறங்கினால் ஒளி சுமார் இரண்டரை மடங்கு குறையும். ஐந்து படி இறங்கினால் சரியாக 100 மடங்கு குறையும். இதுதான் அவர் கணக்கு. உலகம் முழுவதும் இன்றும் அதே கணக்குதான். அந்தப் போக்சன் 1861-ல் நம் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வுக் கூடத்துக்குத் தலைமை ஏற்றார். 1891-ல் இறக்கும்வரை இங்கேயேதான் இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாடப் புத்தகத்தில் இவரைப் பற்றி இரண்டு வரியாவது போடலாம்!

ரயில் கணக்கு தெரியுமா?

நட்சத்திரம் எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். புள்ளிக்கு எப்படி அளவெடுப்பது? டேப் வைத்து அளக்க முடியாதே!

உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு கேள்வி வரும். "வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் ரயில், ஒரு கம்பத்தைக் கடக்க 18 வினாடி ஆகிறது. ரயிலின் நீளம் என்ன?" 20-ஐ 18-ஆல் பெருக்கினால் 360 மீட்டர். ரயிலை யாரும் அளக்கவில்லை. வேகமும் நேரமும் தெரிந்ததும் நீளம் கிடைத்துவிட்டது. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் கடந்தால்? இரண்டின் வேகத்தையும் கூட்டி, கடக்க ஆன நேரத்தால் பெருக்கினால், இரண்டு ரயில்களின் மொத்த நீளம் வரும்.

நட்சத்திரக் கணக்கும் இதேதான்! டிராகோ என்ற வடதிசை நட்சத்திரக் கூட்டத்தில் 'சி.எம். டிராகோனிஸ்' என்று ஒரு ஜோடி இருக்கிறது. நம்மிடம் இருந்து 50 ஒளியாண்டுகளுக்குள்தான். ஒளி ஓர் ஆண்டில் செல்லும் தூரம்தான் ஒளியாண்டு. அந்த ஜோடி 1 நாள், 6 மணி, 26 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். எதிரெதிர் ரயில் போல ஒன்றையொன்று கடக்கும் வேகம் வினாடிக்கு சுமார் 150 கி.மீ. ஒரு முறை மறைப்பு தொடங்கி முடிய சுமார் 76 நிமிடம், அதாவது 4,560 வினாடி. பெருக்கிப் பாருங்கள். 6,84,000 கி.மீ. வருகிறதா? இது இரண்டின் குறுக்களவையும் சேர்த்தது. இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் என்பதால் பாதியாக்கினால், ஒன்றுக்கு 3,42,000 கி.மீ. நம் சூரியனின் குறுக்களவு சுமார் 13,92,000 கி.மீ. ஆக, சூரியனில் கால் பங்கு!

வேகம் எப்படித் தெரிந்தது? ரயில் நம்மை நோக்கி வரும்போது விசில் கீச்சென்று கேட்கும். விலகிப் போகும்போது சுருதி இறங்கிவிடும். ஒளியிலும் அப்படி உண்டு. நட்சத்திரம் நெருங்கும்போது அதன் ஒளி லேசாக நீலப் பக்கம் நகரும். விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து வேகத்தைச் சொல்லிவிடுவார்கள். வேகமும் சுற்றும் காலமும் தெரிந்தால், ஈர்ப்பு விசைச் சூத்திரத்தைக் கொண்டு எடையும் கிடைத்துவிடும். சி.எம். டிராகோனிஸ் ஜோடியில் ஒன்று சூரியனின் எடையில் 23 சதவீதம். இன்னொன்று 21 சதவீதம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஜோடி சுற்றும் பாதை, தட்டை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பது போல நமக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் ஒன்று மற்றொன்றின் குறுக்கே வரும். தட்டை மேலிருந்து பார்ப்பது போல இருந்தால் மறைப்பே கிடையாது. அதனால்தான் மறைப்பு ஜோடி கிடைத்தால் விஞ்ஞானிகளுக்குப் புதையல் கிடைத்த மாதிரி!

சூத்திரம் சொன்னதும் வானம் சொன்னதும்

சி.எம். டிராகோனிஸ் போன்ற சிறு நட்சத்திரங்களைச் 'சிவப்புக் குள்ளன்' என்பார்கள். எடை குறைவு, வெப்பம் குறைவு, ஒளி மிகக் குறைவு. நம் பால்வீதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று நட்சத்திரங்கள் சிவப்புக் குள்ளன்கள்தான். ஆனாலும் அவற்றில் ஒன்றைக்கூட வெறும் கண்ணால் பார்க்க முடியாது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள பிராக்சிமா சென்டாரியே சிவப்புக் குள்ளன்தான். அதைப் பார்க்கவும் தொலைநோக்கி வேண்டும்.

இவ்வளவு எடை, இவ்வளவு வயது என்றால், ஒரு நட்சத்திரம் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். சூரியனைப் போன்ற நட்சத்திரங்களுக்கு அது நன்றாகவே ஒத்துப் போகிறது. சிவப்புக் குள்ளன்களுக்கு மட்டும் இடிக்கிறது! மறைப்பு ஜோடிகளை அளந்து பார்த்தால், பல குள்ளன்கள் சூத்திரம் சொல்வதைவிட 5 முதல் 10 சதவீதம் வரை பெரிதாக இருக்கின்றன. அதோடு, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருக்கின்றன. தையற்காரர் எல்லோருக்கும் சரியாகத் தைக்கிறார், ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் சட்டை எப்போதும் இறுக்கமாகவே வருகிறது என்றால் என்ன நினைப்பீர்கள்? அளவு எடுத்தது தப்பா, வெட்டியது தப்பா, பிள்ளைகள்தான் குண்டாகிவிட்டார்களா?

பல விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் காந்தம். ஜோடியாக நெருங்கிச் சுற்றும் நட்சத்திரங்கள் தம்மைத் தாமே வேகமாகச் சுழல்கின்றன. வேகமாகச் சுழல்வதால் காந்தப் புலம் பலமாகிறது. குள்ளனின் உள்ளே வெந்த வாயு, உலையில் கொதிக்கும் நீரைப் போல மேலே வந்து, வெப்பத்தை விட்டு, கீழே போகும். பலமான காந்தம் அந்தக் கொதிப்பைத் தடுக்கிறது. மேற்பரப்பில் கரும்புள்ளிகள் படர்கின்றன. குட்ரிக் சொன்ன அதே கரும்புள்ளிகள்தான்! வெப்பம் வெளியேற வழி குறைந்துவிடுவதால், நட்சத்திரம் உப்பிக்கொள்கிறது. பரப்பைப் பெரிதாக்கி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது.

இதற்குச் சாட்சியும் உண்டு. 2024-ல் சி.எம். டிராகோனிஸ் பற்றி ஓர் ஆய்வு வந்தது. டெஸ் எடுத்த படங்களை வைத்து, அதன் ஆரத்தைச் சுமார் 0.06 சதவீதத் துல்லியத்தில் அளந்தார்கள். உங்கள் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் சொல்வது போல! அந்த ஒளி வரைபடத்தில் கரும்புள்ளிகள் வந்து போகும் அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. 163 முறை ஒளிப்பிழம்பு வெடித்துக் கிளம்பியதும் பதிவாகி இருந்தது. காந்தம் பலமாக இருப்பதற்கு இவை அடையாளங்கள்.

அப்படியானால் வழக்கு முடிந்துவிட்டதா? இல்லையே! 2011-ல் ஒரு சிவப்புக் குள்ளன் ஜோடி கிடைத்தது. அவை ஒரு சுற்று வர 41 நாள். நெருக்கமும் இல்லை, அவசரச் சுழற்சிக்குக் காரணமும் இல்லை. சாதுவாக இருக்க வேண்டிய ஜோடி. அளந்து பார்த்தால் அவையும் சூத்திரத்தைவிடச் சுமார் 4 சதவீதம் உப்பித்தான் இருந்தன! "காந்தம் மட்டும் காரணம் இல்லை, சூத்திரத்திலேயே கோளாறு" என்று சிலர் சொல்கிறார்கள். "கரும்புள்ளிகள் ஒளி வரைபடத்தையே கோணலாக்கி, நம் அளவையே ஏமாற்றுகின்றன" என்பது வேறு சிலர் வாதம். ஒரே பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது.

பொரி உருண்டையா, கடலை உருண்டையா?

"5 சதவீதம், 10 சதவீதம் எல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்கிறீர்களா? இங்கேதான் சிக்கல்.

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதுவும் மறைப்புதான். கிரகம் குறுக்கே வரும்போது நட்சத்திரத்தின் ஒளி துளி குறையும். 1 சதவீதம் குறைந்தால், கிரகத்தின் குறுக்களவு நட்சத்திரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று பொருள். கவனியுங்கள், 'நட்சத்திரத்தில்' பத்தில் ஒரு பங்கு! நட்சத்திரத்தின் அளவு தப்பு என்றால் கிரகத்தின் அளவும் தப்பு.

நட்சத்திரம் நாம் நினைத்ததைவிட 10 சதவீதம் பெரிது என்று வைத்துக்கொள்வோம். கிரகமும் 10 சதவீதம் பெரிதாகிவிடும். கன அளவு 1.1-ஐ மூன்று முறை பெருக்கியது போல, 1.33 மடங்கு ஆகிவிடும். கிரகத்தின் எடையை வேறு வழியில் அளந்திருந்தால் அது மாறாது. எடை அதே, உருண்டை பெரிது என்றால் அடர்த்தி கால் பங்கு குறைந்துவிடும். கடலை உருண்டை என்று நினைத்தது பொரி உருண்டை ஆகிவிடும்! பூமியைப் போலப் பாறையும் இரும்பும் நிறைந்த கிரகம் என்று நாம் கொண்டாடியது, ஆழமான நீரோ தடித்த வாயுவோ போர்த்திய வேறு வகைக் கிரகமாக இருக்கலாம்.

இது வெறும் கற்பனை இல்லை. 2017-ல் 'டிராப்பிஸ்ட்-1' என்ற நட்சத்திரத்தைச் சுற்றி மொத்தம் 7 கிரகங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். எல்லாமே ஏறக்குறைய பூமி அளவு. அந்த நட்சத்திரம் சிவப்புக் குள்ளன்களிலும் குட்டி. எடை சூரியனில் 9 சதவீதம்தான். பூமி அளவுக் கிரகங்களைத் தேட இப்படிப்பட்ட குள்ளன்கள்தான் வசதி. நட்சத்திரம் சிறிதாக இருந்தால், கிரகம் மறைக்கும் பங்கு பெரிதாகத் தெரியும். 2021 டிசம்பரில் அனுப்பிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இந்தக் கிரகங்களையும் ஆராய்ந்து வருகிறது. அந்தத் தொலைநோக்கியின் நேரத்துக்கு உலகெங்கும் கடும் போட்டி. எந்தக் கிரகத்துக்கு நேரம் கொடுப்பது என்று முடிவு செய்ய, அது எவ்வளவு பெரிது என்பது முதலில் தெரிய வேண்டும் அல்லவா?

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சில மறைப்பு ஜோடிகள் கிரகம் போலவே வேஷம் போடும்! தூரத்தில் உள்ள ஒரு ஜோடி, முன்னால் இருக்கும் பிரகாசமான நட்சத்திரத்தோடு ஒரே புள்ளியாகப் படத்தில் விழுந்துவிடும். ஜோடி மங்கும்போது, முன்னால் உள்ள நட்சத்திரத்துக்குக் கிரகம் இருப்பது போலத் தோன்றும். தன்னார்வலர்கள் பொறுக்கித் தந்த பட்டியல் இந்த ஏமாற்று வித்தையைப் பிடிக்கவும் உதவும்.

வலையில் சிக்காத மீன்

10,001 ஜோடி போதுமா? இங்கே ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். டெஸ் வானத்தின் ஒரு பகுதியைத் தொடர்ந்து சுமார் 27 நாள் பார்க்கும். பிறகு அடுத்த பகுதிக்குத் திரும்பிவிடும். ஒரு நாள், இரண்டு நாளில் சுற்றும் ஜோடிகள் அந்த நேரத்தில் பலமுறை கண் சிமிட்டிவிடும், எளிதில் சிக்கும். 41 நாளில் சுற்றும் ஜோடி ஒருமுறை சிமிட்டினாலே அதிர்ஷ்டம். மீன் வலையின் கண்ணுக்கு ஏற்ப மீன் அகப்படுவது போலத்தான். பட்டியலில் நெருங்கிச் சுற்றும் ஜோடிகளே அதிகம் சேரும்.

ஆனால் தகராறைத் தீர்க்க வேண்டியவை, மெதுவாகச் சுற்றும் சாதுவான ஜோடிகள். அவையும் உப்பி இருந்தால் சூத்திரத்தில் கோளாறு. உப்பாமல் இருந்தால் காந்தம் சொன்னவர்கள் கட்சிக்கு வெற்றி. அதிலும் சிவப்புக் குள்ளன்களாக, நன்றாக அளக்கும் அளவுக்கு அருகில் இருப்பவையாக வேண்டும். அப்படிப்பட்டவை இன்னும் மிகக் குறைவாகவே கிடைத்திருக்கின்றன.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'பிளேட்டோ' விண்கலம் இதற்குப் பொருத்தமாகத் தெரிகிறது. அதில் 26 கேமராக்கள். அவசர அவசரமாகத் திரும்பாமல், வானத்தின் ஒரே பகுதியைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்த கண் வாங்காமல் பார்ப்பது அதன் திட்டம். 41 நாள் ஜோடி அதற்குள் 17 சுற்று வந்துவிடும். அதன் முதல் வேலை பூமி போன்ற கிரகங்களைத் தேடுவது. தேடும்போது மறைப்பு ஜோடிகளும் தானாக வலையில் விழும்.

நம் வானத்திலும் ஒரு சிவப்புக் குள்ளன் ஜோடிக்கு வழிகாட்டி உண்டு. புனர்பூச நட்சத்திரம் தெரியுமா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒளிரும் கேஸ்டர், பொல்லக்ஸ் என்ற இரண்டு நட்சத்திரங்கள்தான் அது. பிப்ரவரி, மார்ச் மாத இரவுகளில் நன்றாகத் தெரியும். கேஸ்டர் ஒற்றை நட்சத்திரம் இல்லை. ஆறு நட்சத்திரங்கள் உள்ள கூட்டுக் குடும்பம்! அந்த ஆறில் இரண்டு, 'ஒய்.ஒய். ஜெமினோரம்' என்ற சிவப்புக் குள்ளன் ஜோடி. ஒவ்வொன்றின் எடையும் சூரியனில் சுமார் 60 சதவீதம். உடம்பெல்லாம் கரும்புள்ளி. சூத்திரத்தைவிட உப்பியவைதான் இவையும். 19 மணி, 32 நிமிடத்தில் ஒரு சுற்று. அதற்குள் இரண்டு மறைப்பு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பள்ளியிலோ அறிவியல் இயக்கத்திலோ சிறு தொலைநோக்கி இருந்தால், கேஸ்டருக்குப் பக்கத்தில் மங்கலான ஒற்றைப் புள்ளியாகத் தெரியும். பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் புள்ளி மங்கி, மறுபடி ஒளிர்கிறது.